மாத்திரையை மாற்றுவதா, மூக்கு ஸ்பிரேக்குப் போவதா, சைலோசைபின் ட்ரயலில் சேர்வதா?

மனச்சோர்வுக்கு முதல் மாத்திரையை இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டாயிற்று. அழுகை நின்றுவிட்டது, பசிகூடத் திரும்பிவிட்டது. ஆனால் காலையில் படுக்கையை விட்டு எழவே மனசு வரவில்லை. இப்படிப் பாதி தேறிய நிலையில் இருப்பவர்கள் இப்போதெல்லாம் ஒரே மாதிரி கேட்கிறார்கள்: "மேஜிக் காளானும் செரோட்டோனின்லதான் வேலை செய்யுதாமே, ஒரே தடவை எடுத்தா மாசக்கணக்கா தாங்குதாமே, அப்புறம் நான் ஏன் தினமும் மாத்திரையோட மல்லுக்கட்டணும்?"

காளானில் வேலை செய்யும் பொருளின் பெயர் சைலோசைபின். சட்டப்படி அது பெரும்பாலும் ட்ரயலில், அதாவது மருந்தைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வில்தான் கிடைக்கும். கேள்வியின் முதல் பாதி சரிதான். ஆனால் "செரோட்டோனினில் வேலை செய்கிறது" என்ற அந்த ஒற்றை வரிக்குள் ஒன்றுக்கொன்று நேரெதிரான வேலைகளும் அடங்கிவிடுகின்றன. அதைப் பிரித்துப் பார்க்காமல் முடிவெடுத்தால் கணக்கு தப்பும். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிய மருந்தின் பக்கவிளைவைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள். அந்த மருந்துக்காக இப்போது போடும் மாத்திரையை நிறுத்த வேண்டிவருமே, அந்தச் செலவை யாரும் விசாரிப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தராசைச் சாய்ப்பது அதுதான்.

தற்கொலை எண்ணம் இருப்பவர்கள் இந்த ஒப்பீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் தொடரலாம்.

## செரோட்டோனினை யார் எங்கே தொடுகிறார்கள்

செரோட்டோனின் என்பது செல்லுக்குச் செல் செய்தி கடத்தும் வேதிப்பொருள். உடம்பிலுள்ளதில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருக்கிறது. மூளைக்கானது தனிக் கணக்கு. மூளைத்தண்டில் ரேஃபே என்ற செல் கூட்டங்கள் அதைத் தயாரித்து, நீண்ட நரம்பிழைகள் வழியாக மூளை முழுக்க அனுப்புகின்றன. மூளையில் செரோட்டோனின் இருப்பதே 1953-இல்தான் தெரியவந்தது. பெட்டி ட்வாராக், இர்வின் பேஜ் இருவரும் அதைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பத்து ஆண்டு முன்னால், 1943 ஏப்ரலில், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் தான் தயாரித்த எல்எஸ்டி என்ற மாயத்தோற்ற மருந்தைத் தன்மேலேயே சோதித்துப் பார்த்திருந்தார். எடுத்துக்கொண்டது 250 மைக்ரோகிராம், அதாவது கால் மில்லிகிராம். அந்தத் துளி அவரை மணிக்கணக்கில் ஆட்டிவைத்தது.

எல்எஸ்டி, செரோட்டோனின் இரண்டின் மூலக்கூறிலும் ஒரே மாதிரியான ஒரு வளையம் இருப்பதைப் பார்த்தவுடன் வேதியியலாளர்களுக்குப் பொறி தட்டியது. ஆனால் முதலில் தலைகீழாக ஊகித்தார்கள். எல்எஸ்டி செரோட்டோனினைத் தடுக்கிறது, தடுப்பதால்தான் புத்தி பேதலிக்கிறது என்று 1950-களில் நம்பினார்கள். உண்மையில் மூளையில் அது செரோட்டோனினின் இருக்கையில் தானே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

எந்த இருக்கை என்பதுதான் விஷயம். செரோட்டோனினுக்கு 14 வகை ஏற்பிகள், அதாவது செல்லில் அது அமரும் இருக்கைகள், உண்டு. வாந்தி, குடல் அசைவு, பதற்றம், தூக்கம், ரத்தக்குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை. மாயத்தோற்றத்துக்குப் பொறுப்பு 5-எச்டி2ஏ என்ற ஒன்று. சுருக்கமாக 2ஏ என்கிறேன். மூளையின் மேற்பரப்பில் ஐந்தாவது அடுக்கிலுள்ள பெரிய நரம்பு செல்களில் இது நெருக்கமாக இருக்கிறது. 1998-இல் சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழுவினர், 2ஏ-வை அடைக்கும் கெடான்செரின் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு சைலோசைபின் கொடுத்தார்கள். மாயத்தோற்றம் அடங்கிப்போனது. வாதம் அத்தோடு ஏறத்தாழ முடிந்தது.

சைலோசைபின் நேரடியாக வேலை செய்வதில்லை. உடம்பில் அதிலுள்ள பாஸ்பேட் கழன்று சைலோசின் ஆகிறது. அதுதான் 2ஏ-வில் போய் அமர்கிறது. நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் விலகிவிடும். எல்எஸ்டி அப்படி விலகாது. அது உட்கார்ந்ததும் ஏற்பியின் ஒரு பகுதி மூடிபோல் மேலே கவிந்துகொள்கிறது என்பதை 2017-இல், 2ஏ-வின் நெருங்கிய உறவான 2பி ஏற்பியின் படிக வடிவத்தில் பார்த்தார்கள். எல்எஸ்டியின் தாக்கம் பன்னிரண்டு மணி நேரம்வரை இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆய்வுகளில் பெரும்பாலும் சைலோசைபினையே எடுத்துக்கொள்வதற்கு இந்த நேரக் கணக்கும் காரணம். மருத்துவமனையில் ஒரு பகலுக்குள் முடித்துவிடலாம்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மனச்சோர்வுக்கு வழக்கமாக முதலில் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை இப்படி ஏற்பியில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை. நரம்பு செல் தான் விட்ட செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் வழியை அடைக்கிறது. மடையை அடைத்தால் வயலில் தண்ணீர் நிற்பதுபோல, செல்களின் இடைவெளியில் செரோட்டோனின் கூடுதல் நேரம் நிற்கிறது. வழக்கமான டோஸிலேயே அந்த உறிஞ்சு வழிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அடைபட்டுவிடும். இதெல்லாம் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. மனம் தேற மட்டும் வாரங்கள் ஆகின்றன. செரோட்டோனின் கூடியதைக் கண்ட ரேஃபே செல்கள் முதலில் தங்கள் உற்பத்தியைக் குறைக்கின்றன. அந்தத் தற்காப்பு மெல்ல மெல்லத் தளர்ந்த பிறகே பலன் தெரிகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

அப்படியானால் எஸ்எஸ்ஆர்ஐ போடுகிறவருக்கு ஏன் சுவர் அலையடிப்பதாகத் தெரிவதில்லை? கூடும் செரோட்டோனின் 14 ஏற்பிகளுக்கும் பங்காகிறது. அவற்றுள் சில 2ஏ-வின் வேகத்துக்குக் கடிவாளம் போடுகின்றன. இன்னொரு காரணம் 2023-இல் கிடைத்தது. டேவிட் ஓல்சன் குழுவினர் கலிஃபோர்னியாவில் நடத்திய ஆய்வின்படி, 2ஏ ஏற்பிகளில் கணிசமானவை செல்லின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கின்றன. சைலோசின் கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும். செரோட்டோனினால் முடியாது. ஆய்வுக்கூடத்தில் செரோட்டோனின் உள்ளே நுழைய வழி அமைத்துக் கொடுத்தபோது, அதுவும் சைலோசினைப் போலவே நரம்பு செல்லில் புதுக்கிளைகளைத் துளிர்க்க வைத்தது. எலியின் செல்களில் கண்டது இது, மனிதனில் அல்ல. ஆனாலும் "காளான் என்பது சக்தி கூடிய எஸ்எஸ்ஆர்ஐ" என்ற எண்ணத்தைக் கைவிட இது ஒன்றே போதும்.

குழப்பம் இன்னும் முடியவில்லை. தூக்கமும் வராமல் சோர்வும் விடாதவர்களுக்குத் தரும் மிர்டாசபின் 2ஏ-வைத் தடுக்கிறது. சேர்க்கை மருந்தாகத் தரும் குவெட்டியாபினும் அப்படியே. பார்க்கின்சன் நோயில் வரும் மாயத்தோற்றத்துக்கென 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிமவான்செரின், 2ஏ-வை அமர்த்தியே வேலை செய்கிறது. ஒரே ஏற்பியைத் திறந்தும் சோர்வைக் குறைக்கிறார்கள், மூடியும் குறைக்கிறார்கள். "செரோட்டோனின் குறைந்தால் சோர்வு, கூடினால் சுகம்" என்ற பழைய பாடம் இங்கே உதவாது.

## எடை போட ஐந்து கற்கள்

பலன் எவ்வளவு சீக்கிரம் தெரியும், எவ்வளவு நாள் நிற்கும் என்பது முதலாவது. சான்று எவ்வளவு உறுதியானது என்பது இரண்டாவது. தனக்கு எது கிடைத்தது என்று நோயாளிக்குத் தெரியாமல் நடந்த ஆய்வா என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, எதை நிறுத்த வேண்டிவரும். நான்காவது, யாருக்கு ஆகவே ஆகாது. ஐந்தாவது, உங்கள் நாட்களில் எத்தனையை விழுங்கும், கூட யார் இருக்க வேண்டும்.

## மாத்திரை வழியிலேயே நின்று மாற்றிப் பார்ப்பது

டோஸைக் கூட்டுவது, வேறு மாத்திரைக்கு மாறுவது, இன்னொன்றைச் சேர்ப்பது மூன்றும் இதில் அடங்கும். சலிப்பான வழி. ஆனால் அதிகம் ஆராயப்பட்ட வழியும் இதுவே. அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரை வைத்து நடத்திய ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006-இல் வந்தன. முதல் மாத்திரையில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முழுமையாகத் தேறினார். இரண்டாவது படியிலும் கிட்டத்தட்ட அதே விகிதம். மூன்றாவது, நான்காவது படிகளில் ஏழு பேரில் ஒருவர் என்று சரிந்தது. அந்த எண்களே மிகை என்று பின்னாளில் மறுபடி கணக்கிட்டவர்கள் வாதிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் இரண்டாவது மாத்திரை முயன்று பார்க்கத் தக்கது. நான்காவது மாத்திரையை நம்பி ஆண்டைக் கடத்துவது வீண்.

ஒவ்வொரு படிக்கும் நான்கு முதல் எட்டு வாரம் போகும். பாலுறவில் நாட்டமின்மை, உச்சம் எட்டாமை, உணர்ச்சி மழுங்கிப்போதல் ஆகியவை மறைந்திருக்கும் செலவுகள். டாக்டர் கேட்காவிட்டால் பலர் வாய் திறப்பதில்லை. வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. 25 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடக்க வாரங்களில் கூர்ந்து கவனிக்க வேண்டும். சேர்க்கை மருந்துகளில் அரிப்பிப்ரசோல் சிலரை ஓரிடத்தில் உட்காரவிடாது. குவெட்டியாபின் எடையைக் கூட்டும்.

ஆனால் இந்த வழியில் கைவிட வேண்டியது ஒன்றுமில்லை. பாதி தேறியிருக்கிறீர்கள் என்றால் அந்தப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே மீதிக்கு முயலலாம்.

## எஸ்கெடமின் மூக்கு ஸ்பிரே

இது செரோட்டோனின் மருந்தே அல்ல. மூளையின் இன்னொரு செய்தி கடத்தியான குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கிறது. இரண்டு வேறு மாத்திரைகள் பலிக்காதவர்களுக்கென அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2019 மார்ச்சில் மாத்திரையோடு சேர்த்துத் தர அனுமதித்தது. 2025 ஜனவரியில் தனியாகவும் தரலாம் என்றது.

முறை இப்படி. கிளினிக்கில் முதலில் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, ஒவ்வொரு துளையிலும் ஒருமுறை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து அடுத்த குப்பி. நாக்கின் அடியில் கசப்பு இறங்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பு தனியாக, தான் தனியாக மிதப்பதுபோல் சிலருக்குத் தோன்றும். நாற்பதாவது நிமிடம் வாக்கில் மறுபடி ரத்த அழுத்தம். இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த நான்கு வாரம் ஒருமுறை, பிறகு வாரம் ஒன்றோ இரண்டு வாரத்துக்கு ஒன்றோ.

இதன் செலவு இந்த அட்டவணைக்குள்தான் ஒளிந்திருக்கிறது. முதல் மாதத்திலேயே எட்டு நாட்கள் பாதி வேலை போய்விடும், ஒவ்வொரு முறையும் அழைத்துப்போக ஆள் வேண்டும். சில நாட்களிலேயே பலன் தெரியத் தொடங்கலாம் என்பது பெரிய சாதகம். 2023-இல் வெளியான ஒப்பீட்டில், மாத்திரையோடு எஸ்கெடமின் சேர்த்தவர்களில் 27.1 சதவீதத்தினர் எட்டாவது வாரத்தில் முழுமையாகத் தேறியிருந்தார்கள். குவெட்டியாபின் சேர்த்தவர்களில் 17.6 சதவீதம். 676 பேர் கலந்துகொண்ட ஆய்வு. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரிந்தே நடந்தது என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்கள், ரத்தக்குழாய் வீக்கம் உள்ளவர்கள் பக்கமே போகக் கூடாது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

## சைலோசைபின் கிளினிக்கல் ட்ரயல்

1971-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கும் பொருள் இது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் மட்டும் மற்ற சிகிச்சைக்கு இணங்காத சோர்வுக்கு இதை எழுதித் தரலாம். பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி இதை நெருங்க ஒரே வாசல் ட்ரயல்தான். எஃப்டிஏ 2018-இல் இதற்கு "திருப்புமுனை" அந்தஸ்து கொடுத்ததைச் சிலர் அனுமதி என்றே எழுதிவிடுகிறார்கள். அது ஆய்வை வேகப்படுத்தும் ஏற்பாடு, அவ்வளவே.

சான்றைப் பார்ப்போம். லண்டனில் 59 பேரை வைத்து எஸ்சிட்டலோபிராம் என்ற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஆறு வாரத்தில், சோர்வை அளக்கும் முதன்மை அளவுகோலில் சைலோசைபின் பக்கம் 8 புள்ளி இறக்கம், மாத்திரை பக்கம் 6. அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. சாதாரண மாத்திரைக்கு ஈடுகொடுத்தது என்று சொல்லலாம், வென்றது என்று சொல்ல முடியாது. 2022-இல் பத்து நாடுகளில் 233 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், 25 மில்லிகிராம் எடுத்தவர்கள் மூன்றாவது வாரத்தில் 1 மில்லிகிராம் எடுத்தவர்களைவிட 6.6 புள்ளி கூடுதலாகத் தேறினார்கள். பன்னிரண்டாவது வாரம்வரை பலன் நீடித்தது ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு. அடுத்த கட்ட ஆய்வின் முதல் முடிவு 2025 ஜூனில் வந்தபோது, மருந்தே இல்லாத வெற்று மருந்தோடு இருந்த இடைவெளி ஆறாவது வாரத்தில் 3.6 புள்ளி. பலன் உண்டு. ஆய்வு பெரிதாகப் பெரிதாக அளவு சுருங்குகிறது. புது மருந்துகளில் இது வாடிக்கைதான்.

இன்னொரு தொல்லை. 25 மில்லிகிராம் கிடைத்தவருக்கு அரை மணி, ஒரு மணிக்குள் தெரிந்துவிடும். வெற்று மாத்திரை கிடைத்தவருக்கும் தெரிந்துவிடும். மாதக்கணக்கில் காத்திருந்து சேர்ந்தவர் ஏமாந்துபோகிறார், அந்த ஏமாற்றமே அவருடைய மதிப்பெண்ணைக் கெடுக்கிறது. இரு குழுக்களின் இடைவெளியில் எவ்வளவு மருந்து, எவ்வளவு மனக்கசப்பு என்று பிரிப்பது கடினம்.

இனி நான் முதலில் சொன்ன செலவு. இந்த ட்ரயல்களில் பெரும்பாலானவை, சேரும் முன் குறைந்தது இரண்டு வாரம் மாத்திரையே இல்லாமல் இருக்கச் சொல்கின்றன. ஃப்ளுவாக்செட்டின் உடம்பை விட்டுப் போக இன்னும் பல வாரம் ஆகும். காரணம் உண்டு. எஸ்எஸ்ஆர்ஐ நீண்ட நாள் எடுத்தவர்கள் பலருக்குச் சைலோசைபின், எல்எஸ்டியின் தாக்கம் மங்கித் தெரிகிறது. ஆனால் பாதி தேறிய ஒருவர் மாத்திரையை விடும்போது நடப்பதைக் கற்பனை செய்யுங்கள். பராக்செட்டின், வென்லாஃபாக்சின் என்றால், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, தலைச்சுற்றல், எரிச்சல், கெட்ட கனவு. அதற்குப் பின்னால் பழைய சோர்வு முழுதாகத் திரும்பலாம். அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டுதான் ட்ரயலுக்குத் தகுதியா என்ற சோதனைக்கே போகிறீர்கள். அங்கே மறுத்தால் கையில் இருந்த பாதியும் இல்லை.

இந்த நிறுத்தம் கட்டாயமா என்பதே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2022-இல் ஆரோக்கியமானவர்களிடம் நடந்த சுவிஸ் ஆய்வில், இரண்டு வாரம் எஸ்சிட்டலோபிராம் எடுத்த பிறகும் சைலோசைபினின் நல்ல தாக்கம் குறையவில்லை, பதற்றம்தான் குறைந்தது. எஸ்எஸ்ஆர்ஐயை நிறுத்தாமலே 25 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த 19 பேர் ஆய்வு 2023-இல் வந்தது. அவர்களும் தேறினார்கள், ஒப்பிட வேறு குழு இல்லை. எனவே நிறுத்தச் சொல்லாத ட்ரயல் கண்ணில் பட்டால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள்.

அன்றைய நாளைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சோபாவோ கட்டிலோ போட்ட அறை, கண்பட்டை, காதில் இசை, பக்கத்தில் பயிற்சி பெற்ற இருவர். ஆறு முதல் எட்டு மணி நேரம். முன்னும் பின்னும் பேசும் அமர்வுகள் தனி. தலைவலி, குமட்டல் சகஜம். நடுவில் வரும் பீதி சிலருக்கு நீண்டு போகும், கூட இருப்பவர்கள் தேவைப்படுவது அப்போதுதான். 2022 ஆய்வில் எல்லா டோஸ் குழுக்களிலும் தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ சிலரிடம் பதிவாகியிருந்தது.

தனக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். லித்தியம் எடுப்பவர்களுக்கும் வழி இல்லை. இரண்டும் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன.

## ஒரே பார்வையில்

| | மாத்திரை மாற்றம் | எஸ்கெடமின் | சைலோசைபின் ட்ரயல் |
|---|---|---|---|
| வேலை செய்யும் இடம் | செரோட்டோனின் உறிஞ்சு வழி (பெரும்பாலும்) | என்எம்டிஏ ஏற்பி | 2ஏ ஏற்பி |
| பலன் தெரிய | 4–8 வாரம் | சில நாட்கள் | சில நாட்கள் |
| நீடிக்க | தினமும் போட வேண்டும் | வாரம் / இரு வாரத்துக்கு ஒருமுறை | சிலருக்கு மாதங்கள், பலருக்கு வாரங்கள் |
| இப்போதைய மாத்திரை | மாறலாம், பெரும்பாலும் இடைவெளி தேவையில்லை | தொடரலாம் | பெரும்பாலும் நிறுத்த வேண்டும் |
| முக்கியத் தடை | மருந்துக்கு மருந்து மாறும் | மூளை ரத்தக்கசிவு, ரத்தக்குழாய் வீக்கம் | மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, லித்தியம் |
| மறைந்த செலவு | பாலுறவுச் சிக்கல், எடை | வாரந்தோறும் அரைநாள், துணைக்கு ஆள் | மாத்திரை இல்லாத வாரங்கள், வெற்று மருந்து விழும் வாய்ப்பு |

## தானே வாங்கிச் சாப்பிடுவது

பட்டியலில் இதைச் சேர்க்கவில்லை, ஆனால் பலர் மனதில் இருக்கும் வழி இதுதான். காளானில் எவ்வளவு சைலோசைபின் என்பது ஒன்றுக்கொன்று மாறும். காலெரினா என்ற சிறிய பழுப்புக் காளானைத் தவறிப் பறித்தால் ஈரல் போய்விடும். எல்எஸ்டி என்று விற்ற தாளில் என்பிஓஎம்இ வகைச் செயற்கைப் போதைப்பொருள் இருந்து உயிர் போயிருக்கிறது. அதுவும் 2ஏ-வைத் தாக்குவதே, ஆனால் மிக மூர்க்கமாக. ஆயவாஸ்கா என்ற தென் அமெரிக்க மூலிகைக் கஷாயத்தில் டிஎம்டி என்ற மாயத்தோற்றப் பொருளோடு, செரோட்டோனினைச் சிதைக்கும் எம்ஏஓ என்சைமை அடைக்கும் கொடியும் சேர்ந்திருக்கிறது. எஸ்எஸ்ஆர்ஐ போட்டுக்கொண்டு அதைக் குடித்தால், காய்ச்சல், நடுக்கம், தசை விறைப்பு என்று செரோட்டோனின் நச்சுநிலைக்குப் போகலாம்.

மாயத்தோற்றம் வராத அளவு மிகச் சிறிய டோஸை அடிக்கடி எடுக்கும் மைக்ரோடோஸிங் பற்றியும் ஒரு வார்த்தை. 191 பேர் வீட்டிலேயே தங்களுக்குத் தெரியாதபடி உறைகளைக் கலந்துவைத்து எடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வந்தது. மருந்து எடுத்தவர்களும் தேறினார்கள், வெற்று கேப்சூல் எடுத்தவர்களும் அதே அளவு தேறினார்கள். இன்னொரு கவலை இதயம். இந்த மருந்துகள் 2பி ஏற்பியையும் தொடுகின்றன. அதே ஏற்பியை நெடுநாள் தூண்டியதால்தான் ஃபென்ஃப்ளுரமின் என்ற எடைக்குறைப்பு மாத்திரை இதய வால்வைக் கெடுத்து, 1997-இல் சந்தையை விட்டுப் போனது.

## யாருக்கு எது

ஒரே ஒரு மாத்திரை பார்த்திருக்கிறீர்கள், பாதி பலன் இருக்கிறது என்றால் முதல் வழிதான், கூடவே பேச்சு சிகிச்சை. எனக்கு இதில் இரண்டாவது கருத்து இல்லை. இரண்டு மாத்திரைகளைச் சரியான டோஸில், போதிய வாரம் பார்த்தும் அசையவில்லை, வேகமாகத் தேற வேண்டிய கட்டாயம் இருக்கிறது, கிளினிக் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் எஸ்கெடமின். சாப்பிடாமல் பேசாமல் கிடக்கும் அளவு முற்றியிருந்தால் இந்த மூன்றுக்கும் முன்னால் மின் அதிர்வுச் சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

ட்ரயல் யாருக்குப் பொருந்தும்? மாத்திரையால் துளியும் பலன் காணாதவருக்கு. அவருக்கு நிறுத்துவதில் இழப்பு குறைவு. ஏற்கெனவே மருத்துவ மேற்பார்வையில் மாத்திரையை விட்டுவிட்டவருக்கும் அப்படியே. வெற்று மருந்து விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் ட்ரயல் டாக்டரிடம் நான்கு கேள்விகள். மாத்திரையைக் குறைக்கும் வாரங்களில் என்னை யார் பார்த்துக்கொள்வார்கள், உங்கள் குழுவா, என் டாக்டரா? இடையில் சோர்வு முற்றினால் எந்தக் கட்டத்தில் என்னை விலக்கி மாத்திரையைத் திரும்பத் தொடங்குவீர்கள்? வெற்று மருந்து கிடைத்திருந்தால், ஆய்வு முடிந்ததும் உண்மையான மருந்து கிடைக்குமா? ஒரு டோஸில் தேறி மூன்று மாதத்தில் மறுபடி சரிந்தால் அடுத்த டோஸுக்கு வழி உண்டா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். அப்போது திரும்பிப் போக எந்த மாத்திரை என்பதை, அதற்கு முன்பே உங்கள் டாக்டரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.